படியளக்கும் ஊரில் தாரை தப்பட்டை

மார்கழி மாதத் தேய்பிறை அஷ்டமியன்று மதுரை வெளிவீதிகளில் இரண்டு சப்பரங்கள் வரும். ஒன்றில் சுந்தரேசுவரர், மற்றதில் மீனாட்சி. அம்மன் சப்பரத்தின் வடத்தைப் பெண்களே பிடித்து இழுப்பார்கள். எறும்பு முதல் யானை வரை எல்லா உயிருக்கும் சாமி படியளக்கும் நாள் அது. வழியெல்லாம் அரிசி தூவுவார்கள். அதைப் பொறுக்கிக்கொண்டுபோய் வீட்டு அரிசிப் பானையில் போட்டால் அந்த ஆண்டு பஞ்சம் அண்டாது என்பது ஊரின் நம்பிக்கை. மீனாட்சி கோயிலின் வீதி உலாக்களில் முதுகில் முரசு கட்டிய டங்கா மாடு முன்னால் போகும். நாகசுரமும் தவிலும் கூடவே நடக்கும். சாமி வருகிறது என்பதை ஊர் முதலில் காதால்தான் அறிகிறது.

அப்படி முன்னால் நடந்து போகிறவர்களுக்கு யார் படியளக்கிறார்கள்? முன்பு யார் அளந்தார்கள், அந்தப் படி எப்போது நின்றது, இனி யாரிடம் போய், எதைச் சொல்லிக் கேட்பது? ஊதுவதும் அடிப்பதுமாகத் தெருவில் நடக்கும் வாத்தியக் குழுக்களைப் பற்றி மதுரையில் பேச வேண்டிய கேள்விகள் இவைதான். தாரை ஊதும் கருவி. தப்பட்டை அடிக்கும் கருவி. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நம் மொழியில் உண்டு. மீனாட்சி கோயில் மேளம், கிராமத்து நையாண்டி மேளம், அலங்காநல்லூர் பக்கத்துத் தப்பாட்டம், உறுமி செட்டு, கொம்பு ஊதுவோர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரும் பேண்டு செட்டு, பள்ளிக்கூடத்து பேண்டு அணி என்று இந்தக் குடும்பம் பெரியது. சாதியும் கூலியும் மரியாதையும் இவர்களுக்குள் வேறு வேறு. பணம் வரும் வழியில் மட்டும் எல்லோருக்கும் ஒரே குறை இருக்கிறது.

மதுரைக்காரர்கள் கொடுக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஊரில் கொடை நாளுக்கு வருகிறது. கலைக்கோ ஆண்டு முழுவதும் பசிக்கிறது. இந்த இடைவெளிதான் என் கட்டுரையின் பொருள்.

பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையைத் தனியே வைத்தால், மற்ற நான்கும் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன் எதிரே வாடி வரும் இன்னொருவனுக்கு வழி சொல்வதாக அமைந்தவை. எந்த நாடு, எந்தத் தலைவன், வழியில் யார் சோறு போடுவார்கள், போய் எப்படி நிற்க வேண்டும் என்று எல்லாம் சொல்லப்படும். மலைபடுகடாம் கூத்தர்கள் கட்டித் தூக்கிச் செல்லும் முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு முதலிய வாத்தியங்களோடுதான் தொடங்குகிறது. ஆற்றுப்படைகளை இலக்கியமாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். தொழில் கண்ணோடு படித்தால், கொடையாளியின் முகவரி கலைஞர்களின் கையில் இருந்த காலத்தின் பதிவு அது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொன்னான். இன்று அந்த முகவரி பெரும்பாலும் இடையில் நிற்கும் ஏஜெண்டின் செல்பேசியில் இருக்கிறது. யார் செலவு செய்து தன்னை அழைத்தார் என்பதே தெரியாமல் வாசித்துவிட்டு வண்டி ஏறும் கலைஞர்கள் நிறையப் பேர்.

அடுத்த பாடம் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டில் கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவர்களும், வங்கியம் ஊதுவோரும், உடுக்கை வாசிப்போரும், சகடை கொட்டுவோரும் அதே பட்டியலில் பங்கு பெறுகிறார்கள். தொகையைவிட நிபந்தனைதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அடுத்த உரிமையாளர் அந்தப் பங்கை வாங்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ளவரை வைத்துச் செய்விக்க வேண்டும். உரிமையாளரே இல்லையென்றால் அந்தந்தக் கலைக்காரர்களே தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட இந்தக் கொடையில் ஆளுக்கு ஆண்டு ஊதியம் இருக்கிறது, தரத்துக்குக் காவல் இருக்கிறது, அந்தத் தரத்தை முடிவு செய்யும் அதிகாரம் கலைஞர்களிடமே இருக்கிறது. இன்றைய நன்கொடைத் திட்டங்களில் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த வழியில் வந்ததுதான் கோயில் ஊழியத்துக்கு நிலம் விட்ட மானிய முறை. மேளக்காரர்களுக்கு நிலம், அதன் விளைச்சல், அதற்கு ஈடாக ஆறு கால பூசையிலும் திருவிழாவிலும் வாசிப்பு. அதற்குள் அடிமைத்தனமும் இருந்தது. பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தோடு பிணைந்திருந்த இனாம்களை விடுவித்த 1929ஆம் ஆண்டுச் சட்டமும், பொட்டுக்கட்டுவதையே தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தே தீர வேண்டியவை. பின்னர் 1963இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலத்தைச் சார்ந்த ஊதிய ஏற்பாடு படிப்படியாகக் கலைந்தது. கலைந்த இடத்தில், கோயில் பணியாளராகச் சம்பளம் வாங்கும் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மாற்று ஒன்றும் வைக்கப்படவில்லை. பழைய முறையை மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் கொடுமையோடு சேர்த்து அதன் தொடர்ச்சியையும் நாம் தூக்கி எறிந்துவிட்டோம் என்பதே என் வருத்தம்.

மதுரை நாகசுரத்தின் உயரம் தெரிய வேண்டுமானால் மதுரை பொன்னுசாமி பிள்ளையை நினைக்க வேண்டும். 1877இல் பிறந்து 1929இல் மறைந்தவர். வாசிப்பில் மட்டுமல்லாமல் இசை இலக்கணத்திலும் இறங்கி, தாய் ராகங்கள் 72 என்ற கணக்கை மறுத்து 32தான் என்று வாதிட்டுப் ‘பூர்வீக சங்கீத உண்மை’ என்ற நூலை எழுதியவர். அவருடைய பேரர்கள் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைத்தான் 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் தமிழ்நாடே கேட்டது. திரையில் சிவாஜி ஊதினார், காற்று மதுரைக்காரர்களுடையது. யோசித்து, எழுதி, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க ஒரு குடும்பத்துக்கு நேரம் இருந்தால் என்ன விளையும் என்பதற்கு இது சான்று. அந்த நேரத்தை வாங்கித் தருவதுதான் கொடை.

இப்போது மதுரை எப்படிக் கொடுக்கிறது என்று பார்ப்போம்.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் அழகர்கோயிலிலிருந்து புறப்பட்டு மதுரை வந்து திரும்புவதற்குள் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று வருகிறார். சாதிச் சங்கம், வணிகர் குழு, தெருக்காரர்கள், தனிக் குடும்பம் என்று ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. பந்தல், பூ, பிரசாதம், நீர்மோர், பானகம், வாத்தியம் எல்லாம் அவர்கள் செலவு. தாத்தா செய்ததைப் பேரன் விடமாட்டான். கடன் வாங்கியாவது செய்வான். உலகத்தில் எந்த நன்கொடை திரட்டுபவரும் ஆசைப்படும் கொடையாளி இவர்தான். யாரும் கேட்காமலே கொடுப்பார். ஆண்டு தவறாமல் கொடுப்பார். பிள்ளைக்கும் சொல்லிவைப்பார்.

கிராமங்களில் வேறு கணக்கு. பங்குனிப் பொங்கலோ வைகாசித் திருவிழாவோ சாட்டியதும் தலைக்கட்டு வரி போடுவார்கள். பிழைக்கப் போய் மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கிறவர்கள் தங்கள் பங்கோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்புவார்கள். கணக்கு நோட்டில் மேளத்துக்கு ஒரு வரி இருக்கும். செட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டு வருவார்கள். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, கிடுக்கட்டி என்று இறங்கும் நையாண்டி மேளம் விடிய விடிய வாசிக்கும். கூட்டத்தில் ஒருவர் எழுந்து வந்து சட்டையில் ஒரு நோட்டைக் குத்திவிட்டுப் போவார். கொடுத்தவரின் பெயரும் ஊரும் ஒலிபெருக்கியில் வரும். அதைக் கேட்ட பங்காளி அடுத்த நோட்டோடு எழுவார். கொடையைக் கொடையால் தூண்டும் இந்த வித்தையை எந்த நிர்வாகப் பள்ளியும் நம் கிராமத்தாருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அலங்காநல்லூர் சல்லிக்கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தங்கக் காசு, கட்டில், அண்டா என்று தொடங்கி மோட்டார் சைக்கிள், கார் வரை பரிசாகக் குவிகிறது. ஒவ்வொரு மாடு வாடிவாசலைத் தாண்டும்போதும் கொடுத்தவர் பெயர் மைக்கில் ஒலிக்கிறது. அதே அலங்காநல்லூரில் பல ஆண்டுகளாகப் பறை கற்பித்து வரும் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மாட்டுக்குக் கொடுக்கிறவர்கள் பறைக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள் அல்லர். மாட்டுக்குக் கொடுக்க ஒரு மேடையும் ஒரு நாளும் ஒரு மைக்கும் இருக்கின்றன. பறை கற்கும் பிள்ளைக்குக் கொடுக்க அப்படி ஒன்றும் இல்லை. இல்லாததை உண்டாக்குவதுதான் வேலை.

நாளுக்குக் கொடுக்கும் முறை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2020 காட்டியது. அந்தச் சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. மக்கள் வீட்டுத் திரையில் பார்த்தார்கள். அழகர் ஆற்றுக்கு வரவில்லை. 2021லும் விழா கோயில் வளாகத்துக்குள்ளேயே முடிந்தது. 2022இல்தான் வைகை மறுபடி கூட்டத்தைக் கண்டது. மேளத்துக்கான பணம் மண்டகப்படிக்காரரிடம் பத்திரமாக இருந்தது; நாள் நடக்காததால் கலைஞரிடம் வரவில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் சம்பாதித்ததை வைத்து மழை மாதங்களைக் கடத்தும் குடும்பங்களுக்கு இரண்டு சித்திரை தொடர்ந்து போனால் என்ன மிஞ்சும்? நாகசுரத்தை உறையில் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்கும் காய்கறி வண்டிக்கும் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

இன்னொரு மாற்றம் சத்தமே இல்லாமல் நடந்திருக்கிறது என்று சொல்ல முடியாது, பெருஞ்சத்தத்தோடுதான் நடந்தது. பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் தாளமும் தானே அடிக்கும் மின் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதன் நெற்றியில் ‘உபயம்’ என்று எழுதி ஒரு பெயர் இருக்கும். குழல்விளக்கின் மேலும், மின்விசிறியின் இறக்கையிலும், குடிநீர்த் தொட்டியிலும் இருக்கிற அதே எழுத்து. பக்தியோடு வாங்கிக் கொடுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன். வாசிக்க ஆள் வராத சிறு கோயிலில் பூசை ஊமையாக நடக்கக் கூடாது என்ற அக்கறைதான் பலரை அதை வாங்க வைத்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகை ஓர் உண்மையைச் சொல்கிறது. கொடையாளிக்குத் தன் கொடை கண்ணுக்குத் தெரிய வேண்டும், தனக்குப் பின்னும் இருக்க வேண்டும். இரும்பில் பெயர் எழுதலாம். தவில்காரரின் விரலில் எழுத முடியாது. எனவே பணம் இரும்பைத் தேடிப் போகிறது. மனிதருக்குக் கொடுக்கும் கொடைக்கும் அதேபோல ஓர் அடையாளத்தை உண்டாக்கினால் இந்தச் சிக்கலில் பாதி தீரும் என்று நம்புகிறேன்.

கொடையோடு கூடவே வரும் மேட்டிமையைச் சொல்லாமல் போனால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். சுயமரியாதை இயக்கம் வேர் பிடித்த காலத்தில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாகசுரம் வாசித்துக்கொண்டு நடக்கிறார். வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு. பணம் கொடுத்து அழைத்தவர்கள் பக்கம் இருந்தவர்கள் அந்தத் துண்டை எடுக்கச் சொன்னார்கள். அங்கிருந்த சுயமரியாதை இயக்கத்தவர் பட்டுக்கோட்டை அழகிரி எடுக்கக் கூடாது என்று உறுதியாக நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை தன் வாழ்நாள் முழுவதும் நடத்தியதும் இதே போராட்டம்தான். பறையிசைப்பவர்களின் கதை இதைவிடக் கசப்பானது. அவர்களுக்கு ஊர் கொடுத்தது பல நேரங்களில் கொடை என்ற பெயரில் வந்த கட்டளை. சாவுக்கு அடிக்க வர மறுத்தால் கடையில் சாமான் கிடையாது என்ற ஊர்களும் இருந்தன. அதனால்தான் பறையைக் கீழே போடுவதே விடுதலை என்று ஒரு தலைமுறை எண்ணியது. அதே பறையை நிமிர்ந்து நின்று கையில் எடுப்பதே விடுதலை என்று அடுத்த தலைமுறை எண்ணியது. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கிராமத்து இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. அவர்களைத் தேடிவந்த ஆதரவு சாவு வீட்டுக் கூலியாக வரவில்லை. இந்தக் கலை இருக்க வேண்டும் என்று எண்ணியவர்களிடமிருந்து வந்தது. கொடுப்பவர் வாசிப்பவரை எங்கே நிற்கவைக்கிறார் என்பதும் கொடையின் அளவுகோல்தான்.

அரசு என்ன செய்கிறது? இயல் இசை நாடக மன்றம் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007இல் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா இடையில் நின்று 2023இல் திரும்ப வந்தது. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. பழனி கோயில் நாகசுர, தவில் பள்ளி நடத்துகிறது. இவை எல்லாம் தேவையானவை. உதவித்தொகை முதுமைக்கு, பள்ளி இளமைக்கு. இருபது வயதிலிருந்து ஐம்பது வயது வரை, குடும்பம் நடத்திக்கொண்டே சாதகமும் செய்ய வேண்டிய முப்பது ஆண்டுகளுக்கு மாதப் படி தரும் திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. படித்து முடித்த பிள்ளைகள் உதிர்வதும் அந்த முப்பது ஆண்டுகளில்தான்.

வெளியூர்க் கதைகளில் இரண்டு நமக்கு உதவும். அமெரிக்காவில் டிரம் அண்டு பியூகிள் கோர் என்ற அணிகள் முதல் உலகப்போருக்குப் பின் பெருகின. போரிலிருந்து திரும்பிய வீரர்களின் சங்கங்கள், பட்டாளம் கழித்துவிட்ட பியூகிளையும் முரசையும் வாங்கித் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்தன. தேவாலயங்களும் சேர்ந்தன. அணிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. 1970களில் அந்தச் சங்கங்கள் மெலிந்தபோது அணிகள் கொத்துக் கொத்தாகக் கலைந்தன. 1971இல் அணிகளே கூடித் தங்களுக்கென ஒரு பொது அமைப்பை உண்டாக்கி, 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் முதல் சாம்பியன் போட்டியை நடத்தின. கலிபோர்னியாவின் புளூ டெவில்ஸ் போன்ற அணிகள் வாரந்தோறும் பிங்கோ விளையாட்டு நடத்தி அந்த வருமானத்தில் நின்றன. இன்று அந்த அணிகளில் சேரும் இளைஞர்கள் ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டாலர் தாங்களே கட்டுகிறார்கள். ஏழைப் பிள்ளைக்குத் திறந்திருந்த கதவு ஒடுங்கிப்போனது. ஒரே புரவலரை நம்பியிருந்தால் அவர் விழும்போது அணியும் விழும் என்பது அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. செலவைக் கற்பவர் தலையில் கட்டுவது எடுத்துக்கொள்ளக் கூடாதது.

இரண்டாவது கதை பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சூர் பூரத்தில் வடக்குநாதன் கோயில் இலஞ்சித்தறையில் ஏறத்தாழ 250 பேர் சேர்ந்து வாசிக்கும் மேளத்துக்கு உலகமே கூடுகிறது. பூரத்தை நடத்தும் திருவம்பாடி, பாறமேக்காவு தேவஸ்வங்கள், பூரத்தையொட்டி நடக்கும் பொருட்காட்சியின் நுழைவுச் சீட்டு வருமானத்தைச் செலவுக்கு எடுத்துக்கொள்கின்றன. மதுரையிலும் தமுக்கத்தில் பல்லாண்டுகள் நடந்துவந்த சித்திரைப் பொருட்காட்சி இருக்கிறது, அரசு நடத்துவது. ராட்டினத்துக்கும் அப்பளத்துக்கும் போகிற கூட்டம் திருவிழாவால் வருகிற கூட்டம்தானே. சீட்டில் ஒரு ரூபாயைத் திருவிழா வாத்தியக்காரர்களுக்கென்று தனியே எடுத்துவைத்தால் எந்தக் குடும்பமும் முகம் சுளிக்காது. இந்தக் கோரிக்கையை மேளக்காரர் சங்கங்களும் மண்டகப்படிக்காரர்களும் சேர்ந்து எழுத்தில் வைக்க வேண்டும். கேரளத்துச் செண்டை நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களுக்கு வந்து வாசிக்கிறது என்று இங்குள்ள தவில்காரர்கள் மனம் நோகிறார்கள். அந்தச் செண்டைக்குப் பின்னால் ஊர் கூடி நிறுத்திய ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூட பேண்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் படித்த பள்ளியில் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு முழு செட் வாங்கிக் கொடுத்தார்கள். பக்கவாட்டு டிரம், பெரிய டிரம், பியூகிள் எல்லாம் பளபளவென்று வந்தன. சொல்லிக்கொடுக்க ஆளுக்குச் சம்பளம் யாரும் யோசிக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் தோல் கிழிந்தது, பித்தளை கறுத்தது, எல்லாம் விளையாட்டுச் சாமான் அறையின் மூலைக்குப் போயிற்று. அந்த வசூலில் நானும் ரசீதுப் புத்தகத்தோடு அலைந்தவன். கருவிக்குக் கேட்டோம், கொடுத்தார்கள். ஆசிரியருக்குக் கேட்டிருந்தால் அதையும் கொடுத்திருப்பார்கள். கேட்கத் தெரியாதது எங்கள் பிழை.

ஆகவே கேட்பதைப் பற்றிப் பேசுவோம். கொடையாளியிடம் ‘கலையை வளருங்கள்’ என்றால் அவருக்குக் கையில் பிடிக்க எதுவும் கிடைக்காது. தவிலின் வலந்தலைத் தோல் எத்தனை கச்சேரி தாங்கும், மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று சொல்லுங்கள். காவிரிக் கரைக் கொறுக்கை நாணலில் செய்யும் நாகசுரச் சீவாளி எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று காட்டுங்கள். நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்து நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு அதில் ஒன்றை வாங்கித் தர என்ன ஆகும் என்று விலைப்பட்டியலோடு போங்கள். பறையை வாட்டிச் சுருதி ஏற்றுவதையும் அடிக்குச்சி, சிண்டுக்குச்சி இரண்டின் வேலையையும் கண்முன் செய்து காட்டுங்கள். குருவின் வீட்டில் தங்கிக் கற்கும் பிள்ளைக்கு ஒரு மாதச் சாப்பாடும் பேருந்துக் காசும் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். மதுரைக்காரர் பொருளையும் ஆளையும் பார்த்தால் கொடுப்பார்.

கணக்கு இல்லாமல் எதுவும் நிற்காது. ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்துகொள்ளலாம், அறக்கட்டளையாகவும் தொடங்கலாம். வருமான வரித் துறையின் அங்கீகாரம் பெற்றால் 80ஜி என்று எல்லோரும் சொல்லிப் பழகிய சலுகையைக் கொடையாளிக்குக் காட்டலாம். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. எனவே அதையே பெரிய தூண்டிலாக நம்ப வேண்டாம். பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மரபுக் கலைகளும் இருக்கின்றன. பெரும்பாலான பணம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. பதிவும் தணிக்கைக் கணக்கும் கையில் இல்லாத குழுவை அவர்கள் நினைத்தாலும் ஆதரிக்க முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர் பணத்துக்குத் தனிச் சட்டம், தனி அனுமதி. 2020 திருத்தத்துக்குப் பின் டில்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் அந்தப் பணம் வந்து இறங்க முடியும். சிறு குழுக்கள் தனித்தனியே இதில் தலையை விட வேண்டாம். பத்து இருபது செட்டுகள் சேர்ந்து ஒரே சங்கமாகப் பதிந்து, ஒரு கணக்காளரை வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது நம் கோயில்களிலேயே இருக்கும் ஒரு முறை. 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் கொடையாளி ஒரு தொகையைக் கட்டுகிறார். அதன் வட்டியில் ஆண்டுதோறும் அவர் சொன்ன நாளில் சோறு போடப்படுகிறது. அப்பாவின் திதி, பேத்தியின் பிறந்தநாள், எதுவானாலும் சரி. அன்று பலகையில் பெயர் இருக்கும். இதே ஏற்பாட்டை மேளத்துக்கும் செய்ய என்ன தடை? ஒரு குடும்பம் முதலைக் கட்டட்டும். வட்டியில் ஒரு கலைஞருக்கு வேலை இல்லாத மாதங்களுக்கும் சேர்த்து மாதப் படி போகட்டும். யாருக்கு என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு சொன்னபடி கலைஞர்களே தேர்ந்தெடுக்கட்டும். கொடையாளியின் நாளன்று அந்தக் கலைஞர் கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம், ஊர்வலத்தின் இரைச்சல் இல்லாமல், உட்கார்ந்து வாசிக்கட்டும். தொடங்குமுன் கொடுத்தவர் பெயரும், எந்தக் குருவிடம் கற்றார் என்ற விவரத்தோடு வாசிப்பவர் பெயரும் ஒரே மூச்சில் சொல்லப்படட்டும்.

மண்டகப்படிச் சங்கங்கள் மனம் வைத்தால் இதை நாளைக்கே தொடங்கலாம். நானூற்றுச் சொச்சம் மண்டகப்படியில் பத்தில் ஒன்று முன்வந்தாலும் நாற்பது கலைஞர்கள். முதல் தொகையைக் கட்டவும் நல்ல நாள் தேட வேண்டாம். மழை ஓய்ந்து, கல்யாணம் இல்லாமல், வைத்திருந்த பணமும் கரைந்து, தவில்காரர் வீட்டில் அரிசிப் பானை அடி தெரியும் மாதம் மார்கழி. அந்த மாதத்து அஷ்டமியில்தான் சப்பரம் வருகிறது.